நான் நீக்கிய இரண்டு எலிகள்

எலிக்கூட்டின் கம்பிக் கொக்கியை ராத்தா ஒற்றை விரலால் தட்டித் திறப்பார். அந்தச் சத்தத்துக்கே எலிகள் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். “வேலை வெட்டி இல்ல, நேரத்துக்குத் தீன் மட்டும் வேணும். எங்கட ஊர் வீட்டோட மாப்பிள்ளைமார்தான்!” என்று ஏசியபடியே தீனி போடுவார். காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் ஆய்வுகூடத்து எலிகளைப் பராமரித்தவர் அவர். அக்காவை அவர்கள் ஊரில் ராத்தா என்பார்கள்; எங்கள் எல்லோருக்கும் அவர் ராத்தா. என்னைவிட இரண்டு வயதே மூத்தவர் என்றாலும் எனக்கும்.

நொச்சி இலை வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதைச் சோதித்து நிறுவுவதே என் ஆய்வு. கரடியனாற்றிலிருந்து இலை தருவித்து எண்ணெயில் காய்ச்சினோம். பின்னங்காலில் ஊசியேற்றி வீங்கவைத்த ஆறு எலிகளுக்கு அதைப் பூசினோம். நான்கின் வீக்கம் வடிந்தது. இரண்டு நொண்டிக்கொண்டே திரிந்தன. ஆறையும் சேர்த்தால் முடிவு நிற்காது. எனக்கோ பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு நெருங்கியிருந்தது. “இந்த ரெண்டையும் தனியா வையுங்க ராத்தா, வருத்தம் போல” என்றேன்.

“நல்லாத் தின்னுதே சேர், இதுகளுக்கு என்ன வருத்தம்?”

நான் பதிவேட்டை எடுத்து, ‘நோயுற்றதால் நீக்கப்பட்டன’ என்று எழுதினேன்.

கட்டுரை வெளிவந்தது. பதவியும் வந்தது. அடுத்த மாரியில் ராத்தாவின் விரல் மூட்டுகள் வீங்கின. ஆஸ்பத்திரியில் மூட்டுவாதம் என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, மாதாமாதம் கிளினிக் வரச் சொன்னார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டியது. வெற்றுப் போத்தலோடு என்னிடம் வந்தார்.

“உங்கட தைலம் இருக்கக்குள்ள நான் ஏன் சேர் அங்க போய் கியூவில நிக்கணும்?”

கிளினிக்கை விடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். அந்த இரண்டு எலிகளைச் சொல்லவேண்டி வரும். எலிகளைப் பற்றிப் பேசாமலே அவரைக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் என் மருந்தை நானே நம்பாததாக ஆகிவிடும் என்ற பயம். போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு மாதம் கொடுத்தவனுக்கு அடுத்த மாதம் மறுக்க வழியில்லை. இரண்டு வருடம் நிரப்பினேன். விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணின. ஒரு காலையில் கொக்கியைத் திறக்க முடியாமல் கூட்டின் முன் நின்றார். உள்ளே எலிகள் மூக்கை நீட்டியபடி நின்றன. அன்றோடு வேலையை விட்டார்.

எனக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. போன மாதம் புளியந்தீவில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, காத்தான்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மகள் வைத்த தேநீர் ஆறிப்போனது. ராத்தா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டும் நொண்டினத நானும் கண்டன்தானே சேர். கண்ணால கண்டத விட்டுட்டு, நீங்க எழுதினத நம்பினன்.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது வாசல்வரை வந்தார். கதவு உள்ளே கொக்கி போட்டிருந்தது. நான் கையை நீட்டினேன்.

“விடுங்க சேர். நானே திறப்பன்.”

மணிக்கட்டால் கொக்கியைத் தள்ளினார். வழுக்கியது. மறுபடி தள்ளினார். அது திறக்கும்வரை, அவருக்குப் பின்னால், நான் உள்ளேயே நின்றேன்.