வெம்பக்கோட்டைச் சூரியன்

ஒருநாள் காலை என் மேசையில் ஒரு வெல்டிங் கண்ணாடி கிடந்தது. ஓரமெல்லாம் பிரவுன் டேப். பக்கத்தில் கேமரா கார்டு. வைத்துவிட்டுப் போனவர் எங்கள் காலண்டர் அச்சகத்தின் போட்டோகிராபர் அண்ணாச்சி. அங்கே கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவது என் வேலை. முந்தின நாள் சூரிய கிரகணம். ஏழு மாதக் கர்ப்பிணியான என்னை, ஜன்னலைக்கூடத் திறக்க விடாமல் வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அதனால் சிவகாசியிலேயே ஒரு நாள் பிந்திக் கிரகணம் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி இருபது வருடமாகத் தவழும் குழந்தை, ரோஜாப்பூ, தீப்பெட்டி லேபிளுக்குக் கிளி என்று எடுத்துத் தள்ளியவர். ஒன்றின் கீழும் அவர் பெயர் வந்ததில்லை. முதலாளியை நச்சரித்து, நல்ல இயற்கைக் காட்சி ஒன்று கொண்டுவந்தால் பெயர் போடுவதாக வாக்கு வாங்கியிருந்தார். அதற்கு மனிதர் கிரகணத்தையா தேர்ந்தெடுப்பார்? எந்த நாளில் எது ஆகாது என்று ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கிற கம்பெனியில் இருந்துகொண்டு! பெயர் ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அன்று வெம்பக்கோட்டை அணைக்கரையில் ஈ காக்கை இல்லையாம். வெல்டிங் கண்ணாடியை லென்ஸில் ஒட்டினால் படத்தில் சூரியன் விழும், அணை விழாது. பிய்த்தெடுத்தால் அணை விழும், சூரியன் வெறும் வெளிச்சம். இரண்டையும் தனித்தனியாக எடுத்திருந்தார். ஒட்டவைப்பது என் பாடு. கிரகணமாவது ஒன்றாவது என்று வீறாப்பாகப் பேசிய ஆளின் கேமராப் பைக்குள் தர்ப்பைப் புல் கிடந்ததை நான் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். முழு வளையம் தெரிந்தது மதுரைக்கு அங்கிட்டுத்தான். எங்கள் பக்கம் வளையம் மூடாமல், ஒரு பக்கம் உடைந்த வளையல் மாதிரி நின்றது. கண்ணாடியின் பச்சைச் சாயத்தை நீக்கி, அணைத் தண்ணீருக்கும் கருவேலங்காட்டுக்கும் மேலே அதைப் பொருத்தியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முதலாளி வெகுநேரம் பார்த்தார். "படம் அருமைதான். ஆனா கிரகணத்த எவன் வீட்டுல மாட்டுவான்? வருசம் பூரா அடுப்புல உலை வைக்காம இருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. எனக்குத் தாங்கவில்லை. பிரசவ விடுப்புக்கு முந்தின நாள், பழைய படம் ஒன்றில் முருகனுக்குப் பின்னால் உதித்துக்கொண்டிருந்த சூரியனை வெட்டியெடுத்து, இந்த உடைந்த வளையத்தின் மேல் வைத்து மூடினேன். அண்ணாச்சியிடம் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டார். அருமையான உதயம் என்று முதலாளி உடனே ஒத்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானபோது கைக்குழந்தையோடு போயிருந்தேன். அண்ணாச்சி முதலில் தன் பெயரைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் தடவிக்கூடப் பார்த்தார். பிறகுதான் மேலே சூரியனைப் பார்த்தார். ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பின் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. பெயர் வாங்கிக் கொடுக்கப் போய், மனிதரின் படத்தையே பறித்துவிட்டேனே என்று நாளெல்லாம் வெந்துகொண்டிருந்தேன்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். முதலில் வெறும் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. கிரகணத்தன்று அவர் மனைவி அவரை வாசலில் நிறுத்தி, தலையோடு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கேமராவுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டாராம். இன்று அதே அம்மாள், வீட்டில் மாட்டிய காலண்டரில் அந்தச் சூரியனுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தாராம்.

"அண்ணாச்சி, உங்க பேராவது வரட்டும்னுதான் மூடினேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"அட அது கெடக்கட்டும்த்தா. இப்ப எங்க வீட்டம்மா எங்கன பொட்டு வச்சிருக்கான்னு தெரியுமா? சூரியனுக்கு நட்டநடுவுல, எம்புட்டுப் பெருசா, சந்தனப் பொட்டு. சுத்தி ஓரம் மட்டுந்தான் தெரியுது. மறுபடியும் கிரகணம் புடிச்சிருச்சு."

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"போட்டோ எடுத்து அனுப்புறேன். இதையாவது திருத்தாம வையி."