யோகாவின் வலது கால்

மெல்பேணின் கிளென் வேவர்லியில் கார் ஓட்டப் பழகிய தமிழ்ப் பெண்களில் பாதிப் பேராவது யோகாவின் வெள்ளைக் காரில்தான் பழகியிருப்பார்கள். அதன் கதவுகளில் ‘யோகா டிரைவிங் ஸ்கூல்’ என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் நீல எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, காருக்குள் எப்படி ஆசனம் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டு அழைத்தவர்களும் உண்டு. அப்படி அழைத்த ஒரு பெண்ணையும் யோகா விடவில்லை. பேசிப் பேசியே கார் பழக வரவழைத்துவிட்டாள்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. இலங்கையின் சாவகச்சேரியிலிருந்து வந்த புதிதில், சலாட் பொதி செய்யும் தொழிற்சாலையில் விடியுமுன்பே வேலைக்கு நின்றாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து பயிற்றுநர் சான்றிதழுக்குப் படிப்பாள். புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். கூட வேலை செய்த ஒருத்தி ஒரு நாள் எனர்ஜி ட்ரிங்க் அடைத்த தகர ரின் ஒன்றைக் கையில் கொடுத்தாள். அன்றைக்குக் கண் சொருகவில்லை, பாடமும் ஏறியது. சான்றிதழ் கிடைத்த பிறகும் ரின் அவளை விட்டுப் போகவில்லை. காலை முதல் வகுப்புக்கு முன் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒன்று, பின்னேர வகுப்புகளுக்கு இன்னொன்று, இடையிடையே கடைக் கோப்பி. படுக்கைக்குப் போனால் புரண்டுகொண்டே இருப்பாள். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரராக இருக்கும் கணவர் ஜெயசிங்கம் பலமுறை சொல்லிப் பார்த்தார். காருக்குப் பெட்ரோல் வேண்டும், எனக்கு இது வேண்டும் என்று சிரித்துவிட்டு அவள் போய்விடுவாள்.

அவளிடம் பழக வந்தவர்களில் ஒருவர் விமலாதேவி. ஐம்பத்தெட்டு வயது, சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் யாரையும் எதிர்பார்க்காமல் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்வர வேண்டும், மனம் வந்தால் அப்படியே கடலையும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நிதானமாக, நன்றாகவே ஓட்டுவார். லைசென்ஸுக்கான முதல் சோதனையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க மறந்து தோற்றார். இரண்டாவது சோதனையில் நடந்தது வேறு.

மெல்பேணில் பயிற்றுநரின் காரிலேயே சோதனைக்குப் போனால், பயிற்றுநர் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பார். அதிகாரி பின் இருக்கையில் இருப்பார். பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தால் சோதனை அந்த இடத்திலேயே தோல்வி. அன்றைக்குப் பாதசாரிக் கடவை ஒன்று வந்தது. நடைபாதையில் ஒரு மனிதர் நின்றார். விமலாதேவி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே யோகாவின் வலது கால் பிரேக்கில் இறங்கியது. கார் குலுங்கி நின்றது. பின்னால் இருந்த அதிகாரி பேனாவை மூடிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

அதிகாரி இறங்கிப் போன பிறகு, அந்த மனிதர் றோட்டில் இறங்கப் பார்த்தார் என்று யோகா சொன்னாள். விமலாதேவி தலையாட்டவில்லை.

“அவர் போனைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். நான் பிரேக்கில கால் வைச்சிட்டன், யோகா. உம்மட கால்தான் முந்திப் போட்டுது. இப்பவும் பாரும், கார் நிக்குது, உம்மட முழங்கால் ஓடுது.”

யோகா குனிந்து பார்த்தாள். தையல் மெஷினை மிதிப்பதுபோல அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. வேறு பயிற்றுநர் ஒருவரைப் பார்த்துத் தருவதாகச் சொன்னாள். விமலாதேவிக்கு அது பிடிக்கவில்லை. தனக்கு யோகாவின் பேச்சும் சிரிப்பு மூட்டும் பகிடியும்தான் சரிவரும் என்றும், அந்த ரின்களை மட்டும் விட்டுவிட்டு வரும்படியும், அதுவரை தானும் சோதனைக்குப் போவதில்லை என்றும் சொன்னார்.

யோகா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஒரு கிழமை முழுவதும் வகுப்புகளை நிறுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பின்னால் அடுக்கியிருந்த ரின்களை எல்லாம் ஜெயசிங்கம் குசினித் தொட்டியில் ஊற்ற, பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்த நாளே மண்டை பிளந்தது. அதற்கடுத்த நாள் காரணமில்லாமல் கோபம் வந்தது. பிறகு வந்தது நித்திரை, பல வருட நித்திரை ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல.

சனிக்கிழமை ஜெயசிங்கம் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அவர்தான் கார் ஓட்டினார், அவர்தான் நிறுத்தினார். சுவாமிக்கு அலங்காரம் செய்யத் திரை போட்டிருந்தார்கள். யோகா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். ஒலிபெருக்கியில், யோகா டிரைவிங் ஸ்கூல் கார் அன்னதானச் சோறு ஏற்றிய வான் வண்டி போகும் வழியை மறித்து நிற்கிறது என்று அறிவித்தார்கள். திரும்பவும் அறிவித்தார்கள். ஜெயசிங்கம் வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியில் வான்காரர் கார்க் கதவில் இருந்த எண்ணுக்கே அழைத்தார். மண்டபம் அமைதியாக இருந்த நேரம் அது. யோகாவின் கைப்பையில் போன் அலறியது. கண்ணைத் திறக்காமலே எடுத்து, மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

“வணக்கம், யோகா டிரைவிங் ஸ்கூல். உங்களுக்கு எந்த நேரம் வசதி?”

“இப்பவே வந்தால் நல்லம், அக்கா” என்றார் வான்காரர். “சோறு ஆறுது.”

திரைக்கு முன்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயர் திரைக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார். யோகாவுக்கு முதலில் எங்கே இருக்கிறோம் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் அவளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்படி வயிறு நோகச் சிரித்து எவ்வளவு காலம் என்று வீடு திரும்பும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை குடும்ப வைத்தியரிடம் போனாள். ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தூக்கம் வந்தால் கார் பக்கமே போகாதீர்கள் என்றார் அவர். அதன்படி நாளுக்கு ஒரு ரின், பிறகு அரை ரின், பிறகு காலையில் ஒரு தேத்தண்ணி மட்டும் என்று இறங்கி வந்தாள். ஜெயசிங்கம் பிளாஸ்கில் மல்லித்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். முதல் நாள் அதைக் காய்ச்சல்காரரின் சாப்பாடு என்றாள். சில கிழமைகளில், இஞ்சி போதாது என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

நடுவில் ஒருமுறை சறுக்கினாள். பெட்ரோல் அடிக்கப் போன இடத்தில் குளிர்ந்த ரின் ஒன்று கையில் வந்து, காருக்குள் உட்கார்ந்து முழுவதையும் குடித்துவிட்டாள். நெஞ்சு படபடத்தது. அடுத்த வகுப்பில் விமலாதேவியிடம் அதை மறைக்காமல் சொன்னாள்.

“அதுக்கென்ன” என்றார் விமலாதேவி. “நானும் ரெண்டு தரம் ஃபெயில்தானே. திரும்ப எடுப்பம்.”

வசந்தம் தொடங்கியபோது ஒரு காலை, வட்டச்சந்தி ஒன்றைச் சுற்றி வரும்போது யோகாவுக்கு ஒரு மெல்லிய பாட்டுக் கேட்டது. ரேடியோ நிறுத்தியிருந்தது. விமலாதேவிதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து பாடுகிறீர்கள் என்று கேட்டாள். முதல் வகுப்பிலிருந்தே பாடுவதாக அவர் சொன்னார். யோகா பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய வலது கால் தரைவிரிப்பில் அசையாமல் கிடந்தது. அன்று மத்தியானம் அவளுக்குப் பசித்தது. வீட்டுக்குப் போய் இடியப்பமும் சொதியும் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாவது சோதனை மழைத்தூறலோடு தொடங்கியது. பாதி வழியில், நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குடையோடு வெளிப்பட்டாள். யோகா பார்த்தாள், விமலாதேவியும் பார்த்துவிட்டார் என்பதையும் பார்த்தாள். அவள் கால் பிரேக் பக்கம் போகவில்லை. கார் மெல்ல வேகம் குறைந்து, தண்ணீர் தெறிக்காமல் நின்றது. குடைக்காரி கையை உயர்த்திவிட்டுக் கடந்து போனாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் அதிகாரி பாஸ் என்றார். விமலாதேவி அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, யோகாவின் கன்னத்தில் முத்தமிட்டார். யோகா அழுதாள், விமலாதேவி அழவில்லை. அவருக்குப் புது ஓட்டுநர்கள் காரில் மாட்டும் பச்சை ‘பி’ தகட்டை எங்கே வாங்கலாம் என்பதுதான் அவசரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை விமலாதேவி மருமகனின் பழைய காரை ஓட்டிக்கொண்டு யோகாவையும் ஜெயசிங்கத்தையும் ஏற்ற வந்தார். கோயிலில் அர்ச்சனை முடித்து, சாப்பிட்டு, அங்கிருந்து கடற்கரைக்குப் போனார்கள். ஜெயசிங்கம் பின் இருக்கையில் இருந்து இடம் வலம் சொல்லப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரை வாயை மூடச் சொன்னார்கள். தண்ணீர் ஐஸாய்க் குளிர்ந்தது. விமலாதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, யோகாவையும் வரச் சொல்லிக் கூப்பிட்டார். யோகா செருப்பைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.