கோட்டுப் பைக்குள் இருந்த கை

முன்பின் அறியாத மனிதர்கள் ஒரு துப்பாக்கியைப் பற்றி எழுதிய கருத்துகளை இன்னொருவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்பவனுக்கு, அந்தத் துப்பாக்கி பின்னர் செய்யக்கூடியதில் பங்கு உண்டா? சமூகக் கொள்கையில் முதுகலை முடித்து, வாடகைக்குக் குடியிருப்போருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பறையில் எழுந்திருந்தால் நிதானமாக விவாதித்திருப்பேன். ஆனால் அது பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்னும் வீதியிலிருந்து பிரியும் சிறு தெருவொன்றில், ஒரு நகைக்கடையின் பின்னறையில் எழுந்தது. முன்னறையில் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா அந்தக் கடையின் விற்பனையாளர். கடையின் தெருக்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். வருபவர் மணியை அடித்து, சுவரில் பொருத்திய பேசியில் பேச வேண்டும். அக்கா மேசைக்கு அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். யாரும் சொல்லித்தராமலே அங்கு ஒரு வழக்கம் இருந்தது: தமிழ்க் குரல் கேட்டால் யோசிக்காமல் திறந்துவிடுவது. பிரெஞ்சில் பேசுபவரிடம் என்ன வேண்டும் என்று விசாரிப்பார்கள். தமிழில் பேசுபவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் எந்த ஊர் என்றே கேட்பார்கள்.

அப்படித்தான் ஒரு மாலை, "அண்ணை, தங்கச்சியின்ரை தாலிக்கொடி பாக்க வந்தனாங்கள்" என்ற குரலுக்கு அக்கா கதவைத் திறந்தாள். முகத்தை மூடிய இருவர் சுத்தியலோடு நுழைந்தார்கள். கடைக்காரரைத் தரையில் குப்புறப் படுக்கவைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து வெறுமையாக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. அவர்கள் பிடிபடவுமில்லை.

நகைகளைவிட அந்தக் குரல்தான் கடைக்காரரை உறுத்தியது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்ட காலமாக இங்கே தொழில் செய்பவர், எல்லோருக்கும் அண்ணை. அதன் பிறகு அவர் மணியடித்தவரை வாசலிலேயே நிறுத்தி ஊரும் குடும்பமும் விசாரித்தார். தேநீர் குடிக்கும்போது அக்காவிடம், "அந்தக் குரல் உமக்குப் பழக்கமான குரல் இல்லைத்தானே, பிள்ளை?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்பார். அக்கா அதைப் புறநகரான ஸ்தேனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வெட்டியபடி அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். சிரிப்போம்.

பிறகு அவர் புறநகரில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தார். கடையில் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதாகச் சொன்னார். கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒரு சனிக்கிழமை என்னைப் பின்னறைக்கு அழைத்துத் தன் கைபேசியை நீட்டினார். ஒரு நிறுவனம் புதிதாக வெளியிட்ட, சட்டைப்பையில் வைக்கும் அளவுள்ள சிறிய ரிவால்வரைப் பற்றி அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் எழுதிய கருத்துகள் நிறைந்த பக்கம் அது.

"தம்பி, நீர் இங்கிலீசு படிச்சனீர்தானே. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

"உங்கடை மகள் நல்லா வாசிப்பாவே, அண்ணை?"

"அவவோ? 'செ அந்தெர்தி, பப்பா' எண்டிட்டுக் கதவைச் சாத்திப்போட்டா. எல்லாம் தடையாம். இஞ்சை பிறந்ததுகளுக்கு அது ஒண்டுதான் தெரியும்."

வாசித்தேன். மிகவும் இலகுவானது, பையில் இருப்பதே மறந்துபோகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இலகுதான் குற்றம், பத்து முறை சுட்டால் உள்ளங்கை வீங்குகிறது என்றார் இன்னொருவர். குண்டைத் தட்டும் சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது என்பது பலருடைய புகழ்ச்சி. விசை இறுக்கம், குறிபார்க்கும் முனை மிகச் சிறியது, ஐந்து குண்டுகள் யாருக்குப் போதும் என்பவை குறைகள். மனைவிக்கென்று வாங்கியதாகவும், அவள் ஒருமுறை சுட்டுவிட்டு இழுப்பறைக்குள் போட்டுவிட்டதாகவும் ஒருவர். முதலில் வெளிவருவதை வாங்காதீர்கள், குறைகளை நிறுவனம் திருத்தும்வரை பொறுங்கள் என்று ஒரு அனுபவசாலி. மூன்று பாராட்டுகள் ஒரே சொற்களில், ஒரே ஆச்சரியக்குறிகளோடு இருந்தன. அவை வாங்கியவர்கள் எழுதியவையா, விற்பவர்கள் எழுதியவையா என்று ஐயுற்றேன். யாரைச் சுடுவது என்பதைப் பற்றி மட்டும் எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அண்ணை குறி தவறாமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பைக்குள்ளாலை எடுக்கேக்கை சிக்காது எண்டு எத்தினை பேர் சொல்லியிருக்கினம்?"

"கனபேர். ஆனா அண்ணை, கிளப்பிலை கடதாசிக் குறிக்குத்தானே சுடுறியள்? கடதாசிக்குச் சுட ஏன் பைக்குள்ளை போற துவக்கு?"

"கேள்வியை விட்டிட்டு மிச்சத்தை வாசியும்."

கிளப்பின் வழியாக அனுமதி பெற்ற துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும், குண்டில்லாமல் சுடுதளத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், கடைக்குக் கொண்டுவருவதே குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

குறைகளை மட்டும் வாசித்துப் புகழ்ச்சிகளை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. விடவில்லை. வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தால் என் பொய் வெளிப்படும், அதன் பிறகு நான் சட்டத்தைப் பற்றிச் சொன்னதையும் நம்பமாட்டார் என்று கணக்கிட்டேன். கணக்கு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வெளியே வரும்போது ஒன்றைக் கண்டேன். தெருக்கதவு, அதற்கு நேரே அக்கா நிற்கும் மேசை, அவளுக்குப் பின்னால் அண்ணை நிற்கும் பின்னறை வாசல்: மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. பின்னாலிருந்து கதவை நோக்கிச் சுடும் எதுவும் அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கார் து நோர் நிலையத்தில் ஏறிய ரயிலில் அதை அவளிடம் சொன்னேன்.

"உனக்கு விசரடா. பூட்டுத் திறப்புக் கோர்வையைக் கையிலை வைச்சுக்கொண்டே கடை முழுக்கத் தேடுற மனுசன் அது. அதின்ரை கையிலை துவக்கோ?"

"அதுதான் அக்கா பயமாக் கிடக்கு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். வேலையை விடச் சொன்னேன். அவளுடைய வதிவிட அட்டை அந்த மாதங்களில் புதுப்பிப்பில் இருந்தது; அட்டை வழங்கும் அரச அலுவலகமான பிறிபெக்சர் தொடர்ச்சியான சம்பளச் சீட்டுகளைக் கேட்டிருந்தது. வேலையை விட்டால் அட்டை ஆபத்தில். பொலிசில் சொன்னால், வெறும் சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதரின் கடையும் அதோடு அக்காவின் வேலையும் போகும். சொல்லாமல் இருந்தால், அந்தக் கோட்டில் நிற்பவள் அவள். எந்தப் பக்கம் நிறுத்தாலும் எடை அக்காவின் மேல்தான் விழுந்தது.

சில வாரங்கள் கழிந்த ஒரு சனிக்கிழமை, அவளை அழைத்துப் போகக் கடைக்கு வந்திருந்தேன். மழை. உள்ளே வெப்பமூட்டி எரிந்தும் அண்ணை தடித்த கோட்டைக் கழற்றாமல் பின்னறை வாசலில் நின்றார். மணி அடித்தது. அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள் போயிற்று.

"அண்ணை, சங்கிலி ஒண்டு திருத்தக் குடுக்க வேணும்" என்றது வெளியே ஒரு பெண் குரல்.

அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

"பொத்தானை அமத்தும் பிள்ளை."

"கையை வெளியிலை எடுங்கோ, அண்ணை. அமத்திறன்."

"என்ன கதை இது? எனக்குக் குளிருது."

"எனக்கு முதுகு கூசுது. எடுங்கோ."

"அண்ணை, பிள்ளை நனையுது! திறவுங்கோவன்!" பேசியில் குரல் உயர்ந்தது. "லா சப்பல் முழுக்கக் கடைதான், நாங்கள் வேறை இடம் போவம்!"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன்; வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவருடைய முகத்தில் கோபத்தைவிட அதிகமாக இருந்தது சந்தேகம். நாங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்து ஏதோ செய்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"அண்டைக்கும் நீர்தானே திறந்தனீர்" என்றார் மெல்ல.

"ஓம். நான்தான். இண்டைக்குத் திறக்கேல்லை."

அவர் கையை எடுக்கவில்லை. பையில் கை இருந்தபடியே திரும்பிப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே நகைப் பெட்டகத்தின் கனத்த கதவு மூடும் ஓசை கேட்டது. வெளியே வந்தபோது கோட்டு இல்லை, சட்டையோடு நின்றார். கைகள் வெறுமையாக இருந்தன. அக்கா பொத்தானை அழுத்தினாள். நனைந்த குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு திட்டியவாறே ஒரு பெண் உள்ளே வந்தாள். அண்ணை அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெட்டகத்துக்குள் வைத்தது என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை. அந்த ரிவால்வர் அனுமதி பெற்று அவ்வளவு விரைவில் அவர் கைக்கு வந்திருக்க வழியில்லை என்று அறிவு சொல்கிறது. வேறு துப்பாக்கி எதுவும் வந்திருக்காது என்று சொல்ல அந்த அறிவால் முடியவில்லை.

புதிய அட்டை கைக்கு வரும்வரை அக்கா அங்கேயே வேலைக்கு நின்றாள். அவர் கோட்டைக் கழற்றி மாட்டாத நாளில் கதவைத் திறக்கவில்லை. அட்டை வந்த பிறகு வேலையை விட்டாள். இப்போது கூசேன்வில் என்னும் ஊரில் குடியிருக்கிறோம், அவள் விமான நிலையத்தில் வேலை செய்கிறாள். அந்தத் தெருவுக்கு நாங்கள் இருவரும் போவதில்லை.