வெள்ளைக் குதிரைக்கு ஸ்பானிஷ் ஜோசியம்

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் மதுரை மாட்டாஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தபோது கொஞ்ச காலம் பெரிய மனுஷனாகத் திரிந்தேன். சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் லத்தீன் ஒப்பித்தவன் நான். அக்காளைத் தெரிந்தவனுக்குத் தங்கச்சியைத் தெரியாமலா போகும் என்று ஒரு தெம்பு.

டாக்டருக்கு அர்ஜென்டினாவிலிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. குதிரைக்குப் பின்னங்கால் செத்து இடுப்பு விழுந்துவிடும் நோயைப் பற்றியது. அதை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். எனக்குக் கிடைத்தது கப்பல்காரர்களுக்காக அச்சடித்த கையகல அகராதி. அதில் நங்கூரம் இருந்தது, சாராயம் மூன்று தினுசாக இருந்தது. குதிரைக்காரர்களின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கட்டுரையிலோ 'சைனோ' செத்தது, 'ஓவெரோ' செத்தது, 'தொர்தில்யோ' பிழைத்தது என்று போனது. இதெல்லாம் குதிரையின் நிறங்கள் என்று மட்டும் எப்படியோ பிடிபட்டது. எதற்கு எந்த நிறம்? ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆரப்பாளையத்து ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் தம் வெள்ளைக் குதிரையோடு நின்றார். அதற்கும் அதே நோய். பிழைக்காது, சுட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லி, அவரும் அழுதுகொண்டே சம்மதித்திருந்தார்.

பிழைத்தது வெள்ளை என்று எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? ஜன்னல் வழியே தலையை நீட்டினேன்.

"பாய், சீமையில வெள்ளைக் குதிரை பொழைச்சிருக்கு. மத்ததெல்லாம் போயிருச்சு."

"நெசமாவாண்ணே? வெள்ளைக்கு ராசி உண்டுன்னு வாங்கும்போதே சொன்னாங்க!"

குதிரையை இழுக்காத குறையாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதன் பிறகு அது எழுந்திருக்கவில்லை. தினமும் போய்ப் பார்த்தேன். படுத்த பக்கம் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. புண்ணில் புழு. காக்காய் உட்கார்ந்து கொத்தும். குதிரைக்குத் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும்.

"எம்புட்டு நாளாகும்ணே?"

"உம்ம குதிரை வைகைத் தண்ணி குடிச்சது பாய். சீமைக் குதிரைக்கு முந்தி எந்திரிச்சிரும்."

அவரும் சிரித்தார். மனைவியின் சேலையைக் கிழித்துப் புண்ணைச் சுற்றினார்.

இதற்குள் டாக்டர் சென்னையிலிருந்து பெரிய அகராதி வரவழைத்துக் கட்டுரையைத் தாமே படித்துவிட்டார்.

"வெள்ளைன்னு போட்டது சரிதான்யா. அதுக்கு மேல ஒரு வரியைத் தாண்டிட்டியே, அதைப் படிச்சியா?"

"புரியலைங்க. முக்கியமா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"மத்த குதிரைக்கெல்லாம் நோயை ஊசியில ஏத்தியிருக்கான். வெள்ளைக்கு ஏத்தலை. ஒப்பிட்டுப் பாக்க, சும்மா புல்லுப் போட்டுக் கட்டி வச்சிருக்கான். பொழைக்காம என்ன செய்யும்?"

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். பாயிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் குதிரையின் கண்ணைத் துண்டால் மூடினார். டாக்டர் சுட்டார்.

வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி ஆற்றலாம் என்று வாயைத் திறந்தேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு இந்த வாய மூடியிருந்தீகன்னா, அது அன்னிக்கே நிம்மதியாச் செத்திருக்கும். போங்க."