வாங்க என்று ஒரு வார்த்தை

இத்தாலியில், டூரின் நகரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஒரு சிறிய பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் உடனே வகுப்பைக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், அவர்களோடு பழக வேண்டும். அதைப் பார்த்துத்தான் வகுப்பு தருவார்கள், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

பழகுவதில்தான் வந்தது வினை. காலையில் ஆசிரியர்கள் அறைக்குள் நுழைவேன். காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு தங்கள் பேச்சைத் தொடர்வார்கள். ஒரு வார்த்தை கிடையாது. நான் மட்டும் சளைத்தவளா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்காமல் விடுவது சாதாரணக் குற்றம் இல்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அன்னூரில் ஒரு கல்யாணத்தில், வாசலில் நின்ற பங்காளி கேட்கவில்லை என்று பந்தியில் உட்காராமலே திரும்பியவர் என் அப்பா. வழியில் ஒரு பேக்கரியில் எங்களுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் அவர் மகள்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருக்கும் அம்மாவைத் தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். முகம் தெரிவதற்கு முன்பே "வா கண்ணு" என்பாள், நான் வாசல்படி ஏறி வந்துவிட்டது போல. டூரினில் என் காதில் விழுந்த ஒரே 'வா' அதுதான். நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, குக்கரில் வைத்த சாதத்தைத் தனியாகச் சாப்பிடுவேன்.

ஒருநாள் பள்ளித் தலைவி அழைத்தார். "உங்களோடு வேலை செய்ய எல்லோரும் தயங்குகிறார்கள். தினமும் உள்ளே வருகிறீர்கள், ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை. எங்களைப் பிடிக்கவில்லையா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள்தானே என்னை 'வாங்க' என்று கேட்கவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடையானாலும் டாக்டரின் காத்திருப்பு அறையானாலும், இங்கே உள்ளே வருகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். இத்தனை நாளும் நான் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி கண்ணு? வந்தவிங்களா மொதல்ல பேசுவாங்க? ஊட்டுல இருக்கறவிங்கதான வாங்கன்னு கேக்கோணும்?"

மறுநாள் ஆசிரியர்கள் அறை வாசலில் நின்று, அவர்கள் மொழியிலேயே வணக்கம் சொன்னேன், "புவன்ஜோர்னோ" என்று. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன, எல்லா வாயிலிருந்தும் பதில் வந்தது. ஒருவர் நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். நான் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் எனக்கு வகுப்பு என்று தலைவி அன்றே சொல்லிவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தோடு மதியம் நான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததும், காலையில் சொன்ன வேகத்தில் "புவன்ஜோர்னோ" என்று வந்துவிட்டது. வந்தவள் சொல்லியாகிவிட்டது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வா கண்ணு" என்றாள். வகுப்பு கிடைத்ததைச் சொல்ல வாயெடுத்தவள், அழுதுவிட்டேன்.