கச்சான் கொண்டுபோகும்

கனடாவில், ஸ்காபரோவில் காற்றுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. காலையில் பஸ் எடுக்கப் போகுமுன் போனைப் பார்த்தால் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் என்று காட்டும். என்னோடு வேலை செய்கிற மார்க்கிடம் ஒருநாள், "இந்தக் காற்றுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். "விண்ட்" என்றான். அது தெரியும், பெயர் என்ன என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, ஏதோ ஓர் ஆளின் பெயரைப்போல "பொப்" என்றான். அன்றிலிருந்து டிப்போவில் பலமாகக் காற்றடித்தால், "பொப் இஸ் ஹியர்!" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

எங்கள் திருகோணமலையில் ஆளுக்கு உள்ளதுபோல் காற்றுக்கும் பெயரும் குணமும் உண்டு. மாரியில் வாடை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வீசுவது கச்சான். கோயில் வாசலில் சுருள் கட்டி விற்கிற நிலக்கடலைக்கும் அதே பெயர்தான். அதில் ஊரில் ஒருவரும் குழம்புவதில்லை. கச்சானைக் கொறித்துக்கொண்டே கச்சானைத் திட்டுகிற சனம் நாங்கள்.

போன ஆடியில் லீவுக்குப் போனபோது, கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு பொறுப்பை என் தலையில் கட்டியது. துறைமுகப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்க வேண்டும். தலைப்பு, 'எனக்குப் பிடித்த பருவகாலச் செயற்பாடு'. நல்ல கட்டுரை சங்கத்தின் ஆண்டு மலரில் வரும். நான் படித்தது பத்தாம் வகுப்பு, ஓட்டுவது பஸ். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஊரில் டொக்டருக்கே வைத்தியம் சொல்லலாம், ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். சங்கத் தலைவர் சிவா அண்ணை ஒரு மாதிரிக் கட்டுரையும் தந்துவிட்டிருந்தார்: பனிமனிதன் செய்து மூக்குக்குக் கரட் வைப்பது எப்படி என்று.

ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு மண்டபத்தில், வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதை வாசித்தேன். தலையாட்டினார்கள். எழுதச் சொன்னால், ஆளுக்கொரு பனிமனிதன்! லிங்கநகர்ப் பொடியன் ஒருவன் கரட்டுக்குப் பதிலாக முருங்கைக்காய் வைத்திருந்தான்.

"தம்பி, நீ பனியைக் கண்டனியே?"

"இல்லை சேர். உங்களுக்கு அதுதானே விருப்பம்?"

ஒருத்தி மட்டும் எழுதாமல் இருந்தாள். சஹானா, எட்டு வயது. மூதூரிலிருந்து சாச்சி வீட்டில், அதாவது சின்னம்மா வீட்டில், நிற்க வந்தவள்.

"ஏன் மகள் எழுதேல்லை?"

"எனக்குப் பிடிச்சது வேற, சேர். எழுதினா ஏசமாட்டீங்களே?"

எழுதினாள்: 'எனக்குப் பிடித்தது கச்சான். கச்சான் காலத்தில் வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றுவார். மிதிக்கமாட்டார். கச்சான் கொண்டுபோகும். திரும்பி வரும்போது வாப்பா இறங்கித் தள்ளுவார். நான் இறங்கமாட்டேன்.'

வாசிக்க வாசிக்க என் முதுகில் காற்றுப் பட்டது.

"இது புத்தகத்தில வருமா சேர்? வாப்பாக்கு வாசிச்சுக் காட்டணும். அவரப் பத்திப் புத்தகத்தில இருக்கெண்டு சொன்னா நம்பமாட்டாரு."

வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் சங்கக் கூட்டம். சிவா அண்ணை சஹானாவின் கட்டுரையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கச்சான் கொறிக்கிறது ஒரு செயற்பாடே, ஐசே?"

"அண்ணை, அது காற்று."

"எந்தக் காற்று?"

துறைமுகத்தைப் பார்த்தபடி பிறந்து வளர்ந்த மனுசன் கேட்கிற கேள்வி! ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், அண்ணையின் ஞாபகம் எம்மாத்திரம்? நான் விடவில்லை. கடைசியில், "சரி, போடுவம். பிள்ளை பாவம்" என்றார்.

மலர் வந்தது. தூய தமிழ் பார்க்கிற யாரோ ஒரு புண்ணியவான் திருத்தியிருந்தார். 'எனக்குப் பிடித்தது நிலக்கடலை. நிலக்கடலைக் காலத்தில் வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றுவார். மிதிக்கமாட்டார். நிலக்கடலை கொண்டுபோகும்.' பக்கத்தில் கோதுடைத்த கடலையின் வண்ணப்படம் வேறு. ஊருக்குரிய பிரதிகள் ஏற்கனவே போய்விட்டன.

வெட்கத்தை விட்டு மூதூருக்குப் போன் எடுத்தேன்.

"மகள், புத்தகம் கிடைச்சதோ? வாப்பாவுக்கு வாசிச்சனீங்களோ?"

"ஓம் சேர். கடலைய எல்லாம் பேனையால வெட்டிட்டு, கச்சான் எண்டு எழுதிப்போட்டுத்தான் வாசிச்சன். வாப்பா அந்தப் படத்தப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு! சேர், உங்கட ஊரில கச்சான் அடிக்கிறல்லையா?"

"இஞ்ச இல்லை மகள்."

"அப்ப உங்கள அங்க என்ன கொண்டுபோனது?"

"வாப்பாவுக்குச் சலாம் சொல்லுங்கோ" என்று போனை வைத்தேன்.

மறுநாள் டிப்போவில் பெருங்காற்று. "பொப் இஸ் ஹியர்!" என்று மார்க் கத்தினான். காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுக்கு வரும்போது மிதிக்காமலே வந்தாயிற்று. ஊருக்குத் திரும்புவதென்றால் யாராவது இறங்கித் தள்ள வேண்டும். நானும் சஹானாவைப்போல, இறங்கமாட்டேன் என்று சைக்கிளில்தான் குந்திக்கொண்டிருக்கிறேன். தள்ளத்தான் வாப்பா இல்லை.