நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் தகப்பன்

குத்தாலம் கடைத்தெருவில் ஒரு கணினி மையத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்து ஊர் சனங்களின் பெயர்களை விண்ணப்பங்களில் ஏற்றியவர் ஆசியா. பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ, எதற்கு வந்தாலும் அப்பா பெயர் கேட்பார். சிலருக்குத் தெரியாது, சிலருக்குத் தெரிந்தும் சொல்லப் பிடிக்காது. விண்ணப்பமோ அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கு நகராது. ஆசியா கண்ட வழி, கட்டத்தில் ஒரு புள்ளி. புள்ளியைக் கண்டதும் கணினி வாயை மூடிக்கொண்டு வழிவிடும். எத்தனை பேர் அந்தப் புள்ளியின் தயவில் சோறு சாப்பிடுகிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. நாமும் சொல்லப் போவதில்லை.

மையம் மூடியபின் வரலாற்றுப் பேராசிரியர் பட்டாபிராமன் அவரை வேலைக்கு அழைத்தார். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெயர் வரும் மனிதர்களை ஒருவர் விடாமல் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. ராஜாக்கள் வேண்டாம், அவர்களைப் பற்றிப் பேச ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். கோயில் விளக்கு நெய்க்கு ஆடு விட்டவர், அந்த ஆட்டை மேய்த்தவர், நிலம் விற்றவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று பேராசிரியர் அச்சான தொகுதிகளில் பென்சிலால் கோடு போட்டுத் தருவார். ஆசியா வீட்டிலிருந்தே ஏற்றுவார்.

மஸ்கட்டில் இருக்கும் கணவர் ஹபீப் முகம்மது போனில் கேலி செய்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்கு ரேஷன் கார்டா?"

"அவங்களாவது திரும்பி வந்து அட்ரஸ் மாத்திக் குடுன்னு உயிரை வாங்க மாட்டாங்க" என்றார் ஆசியா.

மூன்று வருடத்தில் ஆறாயிரம் பேர் ஏறினார்கள். திறப்பு விழாவுக்கும் நாள் குறித்தாயிற்று. திருக்கடையூரில் பட்டாபிராமனின் அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றிய கையோடு அதே மண்டபத்தில் இணையதளம். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் சொந்தக்காரர்கள் எழுந்து ஓட மாட்டார்கள் என்பது அவர் யோசனை.

பத்து நாள் இருக்கையில், தளத்தை எழுதிக்கொடுத்த அவருடைய அண்ணன் மகன் கேஷவ், உறவுமுறை காட்டும் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். திரை முழுக்க ஒரே குடும்பம். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் இருநூறு வருடம் இடைவெளி. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

மூவரும் வீடியோ அழைப்பில் கூடினார்கள். "எந்த ராஜாவுக்கும் இத்தனை பிள்ளை கிடையாதும்மா. யாரு இந்த மகானுபாவன்?" என்றார் பட்டாபிராமன். ஆசியாவுக்குக் காது சுட்டது. உறவு என்ற கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி கேஷவ் கட்டியிருந்தான். கல்லில் உறவு இல்லாதபோது பழைய விரல் தானாகப் புள்ளி வைத்துவிட்டது. கணினி அத்தனை புள்ளியையும் ஒரே தகப்பனாக எடுத்துக்கொண்டது.

புள்ளியை அழிப்பது ஒரு நிமிட வேலைதான். அழித்தால் இவர்கள் ஒட்டும் உறவும் இல்லாமல் தொங்குவார்கள். "இவங்க எல்லாரையுமே தூக்கிடலாம் சித்தப்பா. ஆறாயிரத்துல யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் கேஷவ். பட்டாபிராமனும் தலையாட்டத் தொடங்கினார்.

ஆசியா பட்டியலைக் கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். இடையர், குயவர், பூத்தொடுக்கும் பெண்கள், விற்கப்பட்டவர்கள். நிலம் வைத்திருந்தவன் ஒருவன்கூட இல்லை. அவனுக்கெல்லாம் அப்பனும் இருந்தான், பாட்டனும் இருந்தான்.

"சார், இவங்களத் தூக்கிட்டா மிச்சம் இருக்கறது மிராசுதாருங்க லிஸ்ட்டுதான். அது தாலுகா ஆபீஸ்லயே கெடைக்கும்."

பட்டாபிராமனின் தாத்தாவும் மிராசுதார்தான். அவர் மூக்குக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். விழா வரைக்கும் பாருங்கள், மீட்க முடியாதவர்களை எடுத்துவிடுவோம் என்றார்.

ஆசியாவுக்கு வயலில் நாற்று நடும் காத்தாயி ஞாபகம் வந்தது. உதவித்தொகைக்கு வந்தபோது அப்பா பெயர் தெரியாது என்றவள். அப்படியானால் யாருக்கு உங்களைத் தெரியும் என்று ஆசியா கேட்டதும், மூன்று ஊர் ஆட்களை மூச்சுவிடாமல் அடுக்கினாள். கல்லையும் அப்படியே கேட்டால் என்ன? தொகுதிகளைத் திரும்பப் பிரித்தார். ஓர் இடையன் ஆடு வாங்கினால், ஆடு குறைந்தால் நாங்கள் பொறுப்பு என்று நாலு இடையர் அவனுக்குப் பிணை நின்றிருந்தார்கள். பூத்தொடுப்பவளுக்கு வீடு எந்தத் தெருவில், அடுத்த வீடு யாருடையது என்று இருந்தது. கேஷவ் முனகிக்கொண்டே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தான்: இவரைத் தெரிந்தவர்.

விழா நாள் காலைக்குள் நானூற்றுப் பதினோரு பேர் கரையேறினார்கள். மிச்சம் நீலி. 'நீலி' என்ற பெயரோடு கல் உடைந்திருந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்றுதானே, விட்டுவிடலாம் என்றான் கேஷவ்.

ஆசியா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த பட்டாபிராமனிடம் போனார். நீலிக்கு 'இவரைத் தெரிந்தவர்' கட்டம் காலியாக நின்றது. விரல் புள்ளிக்குத்தான் போனது. பிறகு விலகி, 'ஆசியா, குத்தாலம்' என்று தட்டியது.

பட்டாபிராமன் குனிந்து படித்தார். "இது சரித்திரம் ஆகாதும்மா."

"எனக்கு அவங்களத் தெரியும் சார். பத்து நாளா வேற யாரத் தேடினேன்?"

அவர் மாலையை ஒதுக்கிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"வருஷத்தையும் போடுங்க. நாளைக்கு எவனாவது உங்களையும் சோழர் காலம்னு எழுதிடப் போறான்."

ஆசியா வருடத்தையும் சேர்த்தார். நீலியின் பக்கம் சேமிக்கப்பட்டது.